சாய்ஸில் விட்ட கட்டுரை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் ஜன்னல் ஓரமாக உட்கார வேண்டும். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனம் மேம்பாலம் வரைக்கும் வழி நெடுகப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், பிளெக்ஸில். கணிதம் 100, இயற்பியல் 100, வேதியியல் 100, கணினி அறிவியல் 100. பிள்ளையின் தலையைவிடக் கரஸ்பாண்டன்ட் தலை கொஞ்சம் பெரிதாக இருக்கும். அது பிளெக்ஸ் தர்மம். தமிழில் அந்தப் பிள்ளை எவ்வளவு வாங்கியது என்று தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதைப் பார்த்து அடுத்த வருஷ அட்மிஷனுக்கு ஒருத்தரும் வரப்போவதில்லை என்பது பிளெக்ஸ் அடித்தவருக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்றைக் கீழே இறக்கி, "கண்ணு, உங்க ஊரு ஏரியில ஏன் தண்ணி நிக்கறதில்ல? ஒரு பக்கம் எழுதிக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். "எத்தனை மார்க் சார்?" என்று முதலில் கேட்கும். "புக் பேக்கா, புக் இன்சைடா?" என்று அடுத்துக் கேட்கும். இரண்டும் இல்லையம்மா, உன் தலைக்குள்ளே இருப்பதை எழுது என்றால், "அப்ப அது சிலபஸ்லயே இல்ல சார்" என்று நிம்மதியாகப் பேனாவை மூடிவிடும்.

பிள்ளையைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பதினேழு வயதில் அது தனக்குத் தரப்பட்டதைத் திருப்பித் தருகிறது, ஒரு எழுத்துப் பிசகாமல். அதன் தலைக்குள்ளே இருப்பது சிலபஸில் இல்லை என்று முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கோட், சூட் போட்டு ஆண்டு விழா மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு வீட்டிலும் ஆள் உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம் வீடுகளில் ஒரு பஞ்சாயத்து கூடுமே, அதைச் சொல்கிறேன். தாய்மாமன், சித்தப்பா, இன்ஜினியரிங் முடித்துவிட்டு மறைமலை நகர் பக்கம் ஷிப்ட் பார்க்கும் அடுத்த வீட்டு அண்ணன், எல்லோரும் ஆஜர். பிள்ளைக்கு மட்டும் வாய் திறக்க அனுமதி இல்லை. தப்பித்தவறி "எனக்கு வரலாறு புடிக்கும்பா" என்று சொல்லிவிட்டால் தாய்மாமன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்பார்: "வரலாறு படிச்சிட்டு இன்னா பண்ணப் போற? செஞ்சிக் கோட்டைக்கு வாட்ச்மேனா போவப் போறியா?" கூடம் சிரிக்கும். அதே செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மராத்தியர் படைக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக. அந்தப் பட்டியலில் ஏற இந்தக் கோட்டை ஏன் முக்கியம் என்று பக்கம் பக்கமாக எழுதி வாதாட வேண்டும். தொகை நுண்கணிதம் போட்டுக் காட்டி யாரும் அந்த இடத்தை வாங்கவில்லை. ஆனால் தாய்மாமனிடம் இதையெல்லாம் யார் சொல்வது? முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது: ஃபர்ஸ்ட் குரூப். கிடைக்காவிட்டால் நன்கொடை கொடுத்தாவது ஃபர்ஸ்ட் குரூப். அதுவும் படியாவிட்டால் ப்யூர் சயின்ஸ். ஆர்ட்ஸ் குரூப் என்பது குடும்பத்துக்கு நேர்ந்த துக்கம். பல தனியார் பள்ளிகளில் அந்தத் துக்கத்துக்கு இடமே வைக்கவில்லை; வரலாற்றுப் பிரிவே கிடையாது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, உணர்ச்சி ஒன்றுமில்லை. இன்ஜினியரிங் கட்-ஆஃப் மொத்தம் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அந்த இருநூறில் ஒரு பைசா பங்கு இல்லை. பங்கு இல்லாத சொத்தை யார் உழுவார்கள்? ஆகவே பள்ளியில் தமிழ் பீரியடு தரிசாகக் கிடக்கிறது, பக்கத்து வயல்காரர் வரப்பை நகர்த்திக்கொண்டே வருகிறார். காலை இரண்டாவது மணி அடித்ததும் இயற்பியல் சார் வராந்தாவில் நின்றுகொண்டு, "ஐயா, இன்னைக்கு உங்க ஹவரை எனக்குக் குடுத்துடுங்க, போர்ஷன் முடியல" என்பார். தமிழ் ஐயா மறுக்க மாட்டார். மறுத்தால் பிரின்சிபால் கூப்பிட்டு, "ஐயா, தமிழ்ல எல்லாரும் பாஸ் ஆயிடுவாங்க, விடுங்க" என்று ஆறுதல் சொல்வார். பி.டி. பீரியடும் தமிழ் பீரியடும் பறிபோவதில் நம் பள்ளிகளில் எப்போதும் ஒற்றுமையாகவே இருந்திருக்கின்றன.

பிள்ளை கடைசியாக எழுதிய கட்டுரை எது தெரியுமா? பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் கடைசிக் கேள்வி. எட்டு மதிப்பெண். அதிலும் குறிப்புகளைக் கேள்வித்தாளே தந்துவிடும்: முன்னுரை, இன்னது, இன்னது, முடிவுரை. பிள்ளை செய்ய வேண்டியது அந்தக் குறிப்புகளைக் கறுப்புப் பேனாவில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு, இடைவெளியை நீலப் பேனாவால் நிரப்புவது. முன்னுரையில் இந்தத் தலைப்பைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம் என்று இருக்கும். முடிவுரையில் கண்டோம் என்று இருக்கும். சுற்றுச்சூழலோ சாலைப் பாதுகாப்போ போதைப் பழக்கமோ, காண்போமும் கண்டோமும் மாறாது. நடுவில் தலைப்புக்குச் சம்பந்தம் உண்டோ இல்லையோ ஒரு குறள் நிற்கும், பெட்டி கட்டி. ஒரு கட்டுரையை எடுத்து "மரம்" என்று இருக்கிற இடமெல்லாம் "நூலகம்" என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். எங்கும் இடறாது. அதற்கு எட்டுக்கு ஏழு போடுவார்கள். அடிக்கோடு நேராக இருந்தால் ஏழரை.

மேல்நிலைக்குப் போனால் அந்த எட்டும் ஆறாகச் சுருங்கிவிடும். ஆயிரத்து இருநூறு மார்க் காலத்தில் தமிழுக்கு இரண்டு தாள், இருநூறு மார்க். பொதுக்கட்டுரை, மொழிபெயர்ப்பு, சொந்தமாய் நாலு வரி என்று பிள்ளை தன் மூளையைத் தொட வேண்டிய பகுதியெல்லாம் பெரும்பாலும் குடியிருந்தது இரண்டாம் தாளில். பிறகு மொத்தம் அறுநூறாகக் குறைந்தது. 2018-19-இல் மேல்நிலை மொழிப்பாடத்தின் இரண்டு தாளும் ஒன்றானது. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கும் அதே கதி. காரணம்? மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க! காலை நான்கரை மணிக்கு ஸ்டடி என்று ஹாஸ்டலில் விளக்கைப் போடுவதும், ஒரு மார்க் குறைந்தால் வெயிலில் நிறுத்துவதும், ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட் வைப்பதும் அழுத்தத்தில் சேரவில்லை. சொந்தமாக ஒரு பக்கம் எழுதுவதுதான் பிள்ளைகளின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது போலும். அதை இறக்கி வைத்துவிட்டார்கள். இப்போது பிள்ளைகள் எவ்வளவு லேசாக இருக்கிறார்கள் பாருங்கள்!

தமிழே வேண்டாம் என்று நினைக்கிற வசதியானவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். பிளஸ் ஒன்னில் பகுதி ஒன்றுக்குப் பிரெஞ்சு எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு எதற்கு? மொலியேரைப் படிக்கவா? சென்டம் போடுவார்கள், அதற்குத்தான். பிரெஞ்சுக்காரன் 1954 நவம்பரில் பாண்டிச்சேரியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டிவனத்தை அவன் பிடித்தது அதற்கப்புறம்தான், ஒரு தோட்டா செலவில்லாமல்.

அதே பாண்டிச்சேரியில், 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கே படிப்பவர்கள் முடிவில் எழுதுவது பிரான்சின் பக்கலோரேயா தேர்வு. பொதுப் பிரிவில் கணக்கும் இயற்பியலும் எடுத்த பிள்ளையானாலும் அதில் தத்துவத் தாள் ஒன்று எழுதியே தீர வேண்டும். நாலு மணி நேரம். இரண்டு கேள்வியும் விளக்கி எழுத ஒரு பத்தியும் தருவார்கள்; கேள்வியை எடுத்தால் தன் வாதத்தைத் தானே கட்டி, தானே எதிர்வாதமும் சொல்லி, ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஆக, நம் பிள்ளை எழுதாமல் தப்பிக்கப் பிரெஞ்சு எடுக்கிறது. ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளை, கணக்கு எடுத்த பாவத்துக்கும் சேர்த்து நாலு மணி நேரம் எழுதுகிறது. இந்தக் கூத்தைக் கற்பனையில் எழுதியிருந்தால் மிகை என்று ஆசிரியர் வெட்டியிருப்பார்.

சீனாவில் கல்லூரி நுழைவுக்கு வைக்கும் காவ்காவ் தேர்வில், சீன மொழித் தாளின் 150 மதிப்பெண்ணில் கட்டுரைக்கு மட்டும் 60. எண்ணூறு எழுத்துக்குக் குறையக் கூடாது. ராக்கெட் விடப்போகிறவனும் எழுதுகிறான், வரலாறு படிக்கப்போகிறவனும் எழுதுகிறான். "சீனாக்காரனைப் பாரு, டெக்னாலஜியில எங்க போயிட்டான்" என்று ஆண்டு விழாவில் முழங்குகிற நம் கரஸ்பாண்டன்ட் இந்த ஒரு தகவலை மட்டும் கூகுளில் பார்க்காமல் விட்டுவிட்டார்.

அறிவியல் படிக்கிறவனுக்கு எழுத்து எதற்கு என்று கேட்பவர்களை நான் லேபுக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறேன். அங்கே ரெக்கார்டு நோட் என்று ஒன்று உண்டு. பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, உள்ளே நோக்கம், தேவையான கருவிகள், வாய்பாடு, செய்முறை, முடிவு. நியாயமாகப் பார்த்தால் ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே அசல் கட்டுரை நோட்டு அதுதான். கண்ணால் கண்டதைக் கையால் எழுது என்று சொல்கிற ஒரே இடம். ஸ்பெக்ட்ரோமீட்டரில் கண் வைத்துப் பார்த்தேன், கோடு தெரியவில்லை, ஜன்னல் திரை கிழிந்திருந்ததால் வெளிச்சம் உள்ளே வந்தது, திருகை மெல்லத் திருப்பியதும் பச்சைக் கோடு வந்து நின்றது. இப்படி நாலு வரி ஒரு பிள்ளை எழுதினால் நான் அதற்குப் பட்டமே கொடுத்துவிடுவேன். நடப்பது என்ன? போன வருஷ அண்ணன் ரெக்கார்டு, அதற்கு முந்தின வருஷ அண்ணனுடையதைப் பார்த்து எழுதியது. அதை அக்கா எழுதித் தருவாள், கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால். பிரிசத்தின் ஒளிவிலகல் எண் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரி 1.5-ஐ ஒட்டி வந்து நிற்கும். கிழிந்த திரைக்குப் பின்னால், கோணம் பார்க்காத கருவியில், இத்தனை துல்லியம் ஐரோப்பாவில்கூடக் கிடைக்காது. விடை முதலில், அளவு பிறகு, சோதனை கடைசியில், அதுவும் நேரம் இருந்தால். சொந்தமாய் எழுதத் தெரியாதவனுக்கு முதலில் போவது நடை இல்லை, பார்வை. எழுத வேண்டியதில்லை என்று ஆனபின் எதற்கு உற்றுப் பார்க்க வேண்டும்?

சரி, பள்ளியை விட்டு வெளியே வந்தபின் எங்காவது எழுத்து வந்து மறிக்குமா? கவலையே வேண்டாம், ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள். டாக்டராக வேண்டுமா, நீட்: 180 கேள்வி, 720 மார்க், வட்டத்தை நிரப்பு. டெல்லியில் போய் ஆங்கில இலக்கியம் படிக்க வேண்டுமா, 2022 முதல் சி.யு.இ.டி.: இலக்கியம் படிக்க வருகிறவனையும் நாலில் ஒன்றைத் தொடு என்கிறது. வி.ஏ.ஓ. ஆக வேண்டுமா, குரூப் ஃபோர்: இருநூறு வட்டம். வேலைக்குச் சேர்ந்தபின் அந்த வி.ஏ.ஓ. வாழ்நாள் முழுவதும் செய்வது அடங்கல் எழுதுவது, விசாரணை அறிக்கை எழுதுவது, வாரிசுச் சான்றுக்குக் குறிப்பு எழுதுவது. பள்ளி ஆசிரியராக டெட்: 150 வட்டம். கல்லூரிப் பேராசிரியராக நெட்: 2011 வரைக்கும் மூன்றாம் தாளில் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது, 2012 ஜூன் முதல் அதுவும் வட்டத்துக்குள் போய்விட்டது. எழுதத் தெரியுமா என்று தகுதித் தேர்வில் ஒரு வார்த்தை கேட்காமலே ஒருவர் தமிழ்ப் பேராசிரியராக ஆகலாம். அவரிடம் படித்து, பி.எட். முடித்து, டெட்டில் வட்டம் போட்டு வருகிறவர்தான் நம் பிள்ளைக்குக் கட்டுரை சொல்லித்தரப் போகும் தமிழ் ஐயா. பாவம், அவர் பீரியடைத்தான் இயற்பியல் சார் வாங்கிக்கொண்டாரே, கணக்கு நேராகிவிட்டது.

குரூப் ஒன், குரூப் டூ முதன்மைத் தேர்வில் விரித்தெழுதும் தாள் உண்டு. யு.பி.எஸ்.சி.யில் கட்டுரைக்கென்றே 250 மார்க், மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. அங்கே போய் நம் பி.இ. பிள்ளைகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு முழிக்கும்போது, அதற்கும் சென்னை அண்ணா நகரில் ஒரு கோச்சிங் சென்டர் திறந்திருக்கும். "கட்டுரைக்கான ரெடிமேட் முன்னுரைகள்" என்று மெட்டீரியல் தருவார்கள். காண்போம், கண்டோம், கொஞ்சம் காஸ்ட்லியான காகிதத்தில்.

எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகமே வந்தது என்பது வெளியூர்க்காரர்களுக்கு மறந்திருக்கும். 2021 பிப்ரவரியில் சட்டம் போட்டார்கள், துணைவேந்தர் வந்தார். அதே வருஷம் ஆகஸ்ட் கடைசியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கிற மசோதா நிறைவேறியது. முன்னுரை இருந்தது, முடிவுரை இருந்தது. பொருளுரைக்குத்தான் யாருக்கும் நேரமில்லை. அதைப் பற்றி எங்கள் மாவட்டத்துப் பட்டதாரிகள் திரண்டு எழுதித் தள்ளியிருக்க வேண்டாமா? வாட்ஸ்அப்பில் அழுகிற முகம் போட்டார்கள்.

திங்கட்கிழமை காலை விழுப்புரம் பெருந்திட்ட வளாகத்துக்கு வாருங்கள், குறைதீர்க்கும் நாள். வாசலில் மரத்தடியில் ஸ்டூல் போட்டு, மடியில் அட்டை வைத்து மனு எழுதுகிறவர்கள் வரிசையாக இருப்பார்கள். ஒருவரிடம் ஓர் இளைஞன் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் லேப்டாப் பை.

"இன்னா தம்பி விஷயம்?"

"எங்கப்பா நெலத்துப் பட்டால பக்கத்து நெலத்துக்காரர் பேரும் சேந்து ஏறிடுச்சுண்ணா. அதுக்கு மனு எழுதணும்."

"நீ இன்னா படிச்சிருக்கற?"

"பி.இ. மெக்கானிக்கல்ணா."

அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "சர்வே நம்பர் சொல்லு" என்றார். கூட்டுப் பட்டா ஆனது எந்த வருஷம், கிரயப் பத்திரம் யார் பேரில், யு.டி.ஆர். நில ஆவணத்தில் என்ன இருந்தது, இதற்கு முன் எங்கே மனு கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது. கேள்வி கேட்கக் கேட்க அவன் உளறிக்கொட்ட, அவர் அதிலிருந்து முன்னதைப் பின்னதை எடுத்து, வருஷ வாரியாக அடுக்கி, தாசில்தார் தப்பிக்க முடியாத இடத்தில் ஒரு வாக்கியத்தை நிறுத்தி, கேட்பது இன்னதுதான் என்று கடைசிப் பத்தியில் நறுக்கென்று முடித்தார். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். போகும்போது அந்தப் பையன் மரியாதையாகக் கேட்டான்: "நீங்க இன்னாண்ணா படிச்சீங்க?" "பிளஸ் டூ. தேர்ட் குரூப்பு" என்றார். தாய்மாமன் அங்கே இல்லாமல் போனது என் துரதிர்ஷ்டம்.

அந்தப் பையனுக்காவது நூறு ரூபாய் இருந்தது. 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. ரேஷன் கார்டுக்கு இரண்டாயிரம் என்று அறிவித்தார்கள். மாடு போனவன், போர் மோட்டார் போனவன், கடை மூழ்கினவன் என்று ஆளுக்கொரு நஷ்டம். எது எப்போது எப்படிப் போனது, அதற்கு யார் பொறுப்பு, எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கேட்டால்தான் காகிதம் நகரும். வீட்டுக்கு ஒரு பட்டதாரி இருக்கிற ஊர்களில், எழுத ஆள் தேடி அலைந்தார்கள். இருவேல்பட்டில் பார்வையிட வந்த அமைச்சர் மேல் சேறு வந்து விழுந்தது. அதைக் கண்டித்து அறிக்கை விட்டவர்களுக்கு ஒரு சொல்: மனு எழுதும் கையைப் பதினேழு வயதிலேயே முடமாக்கிவிட்டு, அது சேற்றை எடுக்கிறதே என்று அதிர்ச்சி அடைவது எந்த ஊர் நியாயம்?

எனவே அரசுக்கு என் பணிவான யோசனை. எழுத்தை அரைகுறையாக வைத்திருப்பதை விட முழுசாக ஒழித்துவிடலாம். குறைதீர் மனுவையும் ஓ.எம்.ஆர். தாளாக அச்சடியுங்கள். உங்கள் குறை: அ) பட்டா, ஆ) முதியோர் பென்ஷன், இ) குடிநீர், ஈ) மேற்கண்ட அனைத்தும். இதற்கு முன் எத்தனை முறை மனு கொடுத்தீர்கள்: அ) ஐந்து, ஆ) பத்து, இ) எண்ணவில்லை, ஈ) தாத்தா காலத்திலிருந்து. கறுப்பு பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை முழுமையாக நிரப்பவும். தவறான குறைக்கு நெகட்டிவ் மார்க் உண்டு. அதிகாரிகளின் பதிலும் அதே தாளில் வந்துவிடும்: அ) பரிசீலனையில் உள்ளது, ஆ) பரிசீலனையில் உள்ளது, இ) பரிசீலனையில் உள்ளது, ஈ) தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது. மயக்கத்துக்கு இடமில்லாத கேள்வித்தாள். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி பேசுவதையும் இப்படி மாற்றிவிட்டால் கூட்டத்தொடர் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.

சிரிக்கிறீர்கள். தளவானூரைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். தென்பெண்ணையின் குறுக்கே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 2020-இல் தடுப்பணை கட்டித் திறந்தார்கள். 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்து போனது. பொறியாளர்கள் சிலரை சஸ்பெண்ட் செய்தார்கள். அணை என்பது முதலில் காகிதத்தில் கட்டப்படுவது. மண் எப்படி, அஸ்திவாரம் எப்படி, இன்றைக்கு எவ்வளவு வேலை ஆனது என்று எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏறிக்கொண்டே வரும் எழுத்து அது. அங்கே யார் என்ன எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, விசாரித்தவர்களுக்கு வெளிச்சம். ஆனால், "இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, காரணம் இது" என்று மேலதிகாரிக்கு ஒரு பக்கம் எழுதுகிற பழக்கத்தை எந்த வகுப்பில் நாம் ஒரு இன்ஜினியருக்குக் கற்றுத்தந்தோம்? பிளஸ் ஒன்னில் ரெக்கார்டு நோட்டில் விடையை முதலில் எழுதி அளவைப் பிறகு போட்டவன், வேலைக்குப் போனதும் வேறு ஆளாகிவிடுவானா? டாக்டர் எழுதும் காயச் சான்றிதழிலும் இதே கதைதான். அடிபட்டவன் உடம்பில் எது எங்கே எந்த ஆழத்தில் என்று எழுதத் தெரியாவிட்டால், கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தீபாவளி.

எழுதுகிற பாடம், எழுதாத பாடம் என்று பாடத்தைப் பிரித்தவன் எவனோ, அவன் திண்டிவனத்துக்கு வந்து பேராசிரியர் பிரபா கல்விமணியைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணி என்றால் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியும். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் நடத்தியது இயற்பியல். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டி அவர் செய்த வேலையில் பெரும்பாதி எழுத்து: சாதிச் சான்றிதழுக்கு மனு, கொத்தடிமை மீட்புக்கு மனு, பொய் வழக்குக்கு எதிராகப் புகார், அதற்குப் பதில் வராவிட்டால் மேலே ஒரு புகார். தாய்த்தமிழ்ப் பள்ளி ஒன்றும் நடத்தினார். நியூட்டன் விதியைக் கரும்பலகையில் எழுதிய அதே கை. கல்லூரி நாளில் அவரிடம் யாரும், "சார், நீங்க ஃபர்ஸ்ட் குரூப், உங்களுக்கு எதுக்கு இது" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

கேள்வித்தாளில் கட்டுரை வந்தால் பிள்ளைகள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "சாய்ஸ்ல விட்டுட்டேன்." பிள்ளை விட்டது ஆறு மார்க். நாம் விட்டது பிள்ளையை. இனி அரசாணை வரட்டும், கரஸ்பாண்டன்ட் மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் பிளெக்ஸில் நிற்பவர்களுக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும். ஃபர்ஸ்ட் குரூப்பில் மாட்டிக்கொண்ட கண்ணுகளுக்கு நேராகவே சொல்கிறேன். தமிழ் ஐயாவிடம் கட்டுரை நோட்டைக் கொண்டுபோனால் டிக் போட்டுத் திருப்பித் தருவார், அவருக்கு நேரமில்லை. உங்கள் எழுத்தை ஒரு வரி விடாமல் படித்தே தீர வேண்டிய ஆள் ஒருவர் ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் இருக்கிறார். பொதுத் தகவல் அலுவலர் என்று பெயர். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டிலிருந்து அவரை உங்களுக்காகச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, தபால் செலவு. முப்பது நாளைக்குள் பதில் வந்தாக வேண்டும். கேள்வி வழவழவென்று இருந்தால் பதிலும் வழவழவென்று வரும். அப்போது புரியும் எந்த வாக்கியத்தில் ஓட்டை விட்டோம் என்று. எந்தக் கைடும் இப்படித் திருத்தித் தராது.

முதல் பயிற்சிக்குத் தலைப்பும் தந்துவிடுகிறேன். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலகம், விழுப்புரம். நம் மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன் அறிவியல் பிரிவுகளுக்குக் கால அட்டவணைப்படி வாரத்துக்கு எத்தனை தமிழ் பீரியடு. கடந்த கல்வியாண்டில் அதில் உண்மையில் தமிழ் நடந்தது எத்தனை. மற்றப் பாடத்துக்குக் கைமாறியது எத்தனை. கைமாற்ற அனுமதித்தவர் பதவி என்ன. பள்ளி வாரியாக, மாத வாரியாக. முன்னுரை வேண்டாம், குறள் வேண்டாம், அடிக்கோடு வேண்டாம்.

பெரும்பாலும் என்ன பதில் வரும் என்றும் தெரியும்: "தாங்கள் கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை." விடாதீர்கள். பதில் கிடைத்த முப்பது நாளைக்குள் அந்தச் சட்டத்தின் பிரிவு பத்தொன்பது ஒன்றின் கீழ் முதல் மேல்முறையீடு போட வேண்டும். ஏன் அந்தப் பதில் ஏற்க முடியாதது என்று ஒரு பக்கம், காரணத்தோடு. அதற்குச் சாய்ஸ் கிடையாது.